முன்பின் தெரியாதவரோடு சல்சா ஆடும்போது

சல்சா சோஷியலில், அதாவது பலரும் கூடி ஜோடி மாற்றி மாற்றி ஆடும் நடன மாலையில், முன்பின் பார்த்திராத ஒருவரின் கையைப் பிடித்து நாலைந்து நிமிடம் ஆடுகிறோம், பாட்டு முடிந்ததும் அடுத்தவரிடம் போய்விடுகிறோம். அவர் தோளில் பழைய அடி ஏதும் உண்டா, கழுத்து வலி உண்டா, ஆடத் தொடங்கி ஒரு மாதமா பத்து வருடமா, எதுவும் நமக்குத் தெரியாது. அதனால் சென்னையோ சிங்கப்பூரோ, எந்த ஊர் ஃப்ளோராக இருந்தாலும் முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: தெரியாதவரின் உடல் எடை அவர் காலிலேயே இருக்கட்டும். லீட் செய்பவர், அதாவது ஜோடியில் ஆட்டத்தை நடத்துகிறவர், வழியைக் காட்டலாம். இழுக்கவோ தள்ளவோ சாய்க்கவோ கூடாது. அவர் காட்டும் வழியில் ஆடுகிறவர், அதாவது ஃபாலோ செய்பவரும் எதிரில் இருப்பவரின் கையில் தொங்கக் கூடாது.

கிளம்பும் முன்பே சில வேலைகள் உண்டு. மோதிரம், கடிகாரம், கூரான வளையல், பெரிய வளையக் கம்மல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். சுற்றும்போது விரலும் முடியும் மாட்டிக்கொள்வது இவற்றில்தான். நீளமான பின்னல் சுழற்சியில் எதிரில் இருப்பவரின் முகத்தில் சுளீரென்று அடிக்கும், கொண்டை போட்டுவிடுங்கள். மாற்றுச் சட்டை குறைந்தது இரண்டு வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏ.சி. ஓடினாலும் சட்டை நனையத்தான் செய்யும், நனைந்த முதுகில் கை வைக்க யாருக்கும் பிடிக்காது. ரப்பர் அடி வைத்த ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம். அது தரையைக் கவ்விக்கொள்வதால் உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்ளும். ஸ்வேட் (மென்மையான உட்புறத் தோல்) அடி வைத்த நடன ஷூ நல்லது, கிடைக்காவிட்டால் வழவழப்பான தோல் அடி போதும். கால் சுழலவில்லை என்று தரையில் பவுடர் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வசதிதான், ஆனால் பின்னால் வரும் ஜோடி வழுக்கி விழும்.

ஆடக் கூப்பிடும்போது கண்ணைப் பார்த்து, கையை நீட்டி, "ஆடலாமா?" என்று கேளுங்கள். மணிக்கட்டைப் பிடித்து ஃப்ளோருக்கு இழுத்துப் போவது அழைப்பே அல்ல. பேசிக்கொண்டிருப்பவரையும், ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவரையும் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்பதற்கு "இல்லை, நன்றி" போதும். காரணம் சொல்லத் தேவையில்லை, கேட்பதும் தவறு. ஒரு சின்ன விஷயம்: "களைப்பாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அதே பாட்டுக்கு வேறொருவரோடு எழுந்தால் முதலில் கேட்டவர் மனம் நோகும். பொய்க் காரணத்தைவிட வெறும் மறுப்பே மரியாதை.

ஃப்ளோருக்குப் போனதும் "ஆன் ஒன்னா, ஆன் டூவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; திசை மாறும் அடியைத் தாளத்தின் முதல் எண்ணிக்கையில் வைப்பவரா, இரண்டாவதில் வைப்பவரா என்பதுதான் கேள்வி. பிறகு ஒன்றிலிருந்து எட்டுவரை இரண்டு மூன்று முறை எண்ணி முடியும்வரை பேசிக் ஸ்டெப் (அடிப்படை அடி) மட்டும் வையுங்கள். அவர் கை தளர்வாக இருக்கிறதா விறைப்பாக இருக்கிறதா, தாளத்தில் நிற்கிறாரா என்பது அதற்குள் தெரிந்துவிடும். அடுத்து ஒரு கிராஸ் பாடி லீட் (லீட் செய்பவர் விலகி வழிவிட, மற்றவர் அவர் முன்னால் கடந்து எதிர்ப்பக்கம் போவது), அதன்பின் வலப்பக்கம் ஒரே ஒரு சுற்று. அந்த ஒற்றைச் சுற்றில் தடுமாறுகிறவரை இரட்டைச் சுற்றுக்கு அனுப்பாதீர்கள். எளிய அசைவுகளை இசைக்குப் பொருந்த ஆடினாலே அவருக்கு நிறைவான பாட்டாக இருக்கும்.

காயம் பெரும்பாலும் கைப்பிடியில்தான் தொடங்குகிறது. லீட் செய்பவரின் விரல்கள் கொக்கி போல லேசாக வளைந்திருக்க வேண்டும்; மற்றவரின் விரல்கள் அதன்மேல் படிந்திருந்தால் போதும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் அவர் சுற்றும்போது கை உங்கள் பிடிக்குள் உருளாது, மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். சுற்ற வைக்கையில் உங்கள் கை அவர் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கட்டும். முன்னாலோ பக்கவாட்டிலோ விலகினால் அவர் அச்சு சாய்ந்து, கால் தப்பும். கையால் கிண்டிக் கிண்டிச் சுற்ற வைப்பது இன்னும் மோசம்: வேகம் அவர் காலிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து அல்ல. கை முதுகுக்குப் பின்னால் மடங்கும் ஹேமர்லாக்கில் அந்தக் கை இடுப்பு உயரத்திலேயே இருக்கட்டும். அங்கிருந்து மேலே தூக்கினால் தோள் மூட்டு இழுபடும். எதிர்ப்பு தெரிந்த நொடியே விரலை விட்டுவிடுங்கள். ஃபாலோ செய்பவருக்கும் இதேதான்: சுற்றுக்குள் போகும்போது பயத்தில் விரலை இறுக்கிப் பிடிப்பது உங்கள் விரலுக்கே ஆபத்து.

டிப் (ஆளைப் பின்னால் சாய்த்துத் தாங்குவது), தூக்குதல், கழுத்தைச் சுழற்றுதல் ஆகியவை முன்பின் தெரியாதவரோடு கூடவே கூடாது. பாட்டு முடியும்போது சட்டென்று டிப் கொடுப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. எதிர்பாராமல் சாய்க்கப்படுகிறவர் உடம்பை விறைத்துக்கொள்வார்; அப்போது மொத்த எடையும் அவர் இடுப்பிலும் உங்கள் முதுகிலும் இறங்கும். டிப் வேண்டாம் என்றால் ஃபாலோ செய்பவர் முழங்காலை லேசாக மடக்கி, எடையைத் தன் பாதத்துக்கு நேர் மேலே வைத்து நின்றுவிடலாம். "டிப் வேண்டாம்" என்று தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்வது அதைவிட எளிது.

நெருக்கம் பற்றிய கேள்வி, சோஷியல்களில் சல்சாவோடு ஆடப்படும் இன்னொரு ஜோடி நடனமான பச்சாட்டாவில்தான் அதிகம் எழும். எவ்வளவு நெருங்கலாம் என்பதை, நெருக்கம் வேண்டாம் என்பவரே முடிவு செய்கிறார். திறந்த பிடியில், அதாவது இடைவெளி விட்டுக் கைகளை மட்டும் பிடித்துத் தொடங்கி, மற்றவர் தானாக நெருங்கினால் மட்டும் நெருங்குங்கள். அவரது இடது முன்கை உங்கள் மேற்கையில் அழுத்தினாலோ, தலை பின்னால் போனாலோ, அது "இதற்கு மேல் வராதே" என்பதுதான். முதுகில் வைக்கும் கை தோள்பட்டை எலும்பின் மேல் இருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது.

கூட்டமான ஃப்ளோரில் அடிகளைப் பாதியாகக் குறையுங்கள். பின்னால் வைக்கும் அடியில் குதிகாலைத் தரைக்கு ஒட்டியே வையுங்கள். தூக்கி வைக்கும் ஹீல்ஸ் அடுத்தவர் பாதத்தில்தான் இறங்கும். யாரையும் அனுப்பும் முன் அந்த இடம் காலியா என்று பார்ப்பது லீட் செய்பவரின் பொறுப்பு. அவர் முதுகுக்குப் பின்னால் யாராவது வந்தால், ஃபாலோ செய்பவர் அவரது தோளில் விரலை அழுத்தி எச்சரிக்கலாம். மோதிவிட்டால், தவறு யாருடையதாக இருந்தாலும் நின்று, அடிபட்டதா என்று கேளுங்கள். கையில் கிளாஸோடு ஃப்ளோரைக் கடக்க வேண்டாம். பாட்டின் நடுவே அடுத்தவரைத் திருத்திப் பாடம் எடுக்கவும் வேண்டாம். அது வகுப்புக்கு உரியது.

வலித்தாலோ, தொடுகை பிடிக்கவில்லை என்றாலோ, பாட்டு முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. "கை வலிக்கிறது, மெதுவாக" என்று ஒருமுறை சொல்லுங்கள். திரும்பவும் நடந்தால் "நன்றி" என்று கையை விட்டு ஃப்ளோரைவிட்டு வந்துவிடுங்கள். வேண்டுமென்றே தொட்டார் என்று தோன்றினால் அந்த ஒருமுறைகூடச் சொல்ல வேண்டாம். நேரே அமைப்பாளரிடம் போய் ஆளைக் காட்டுங்கள். அடுத்து ஆடப் போகிறவருக்கும் அதனால் பாதுகாப்பு.

ஹீல்ஸ் மிதித்து விரல் வீங்கினால் ஷூவைக் கழற்றி, காலைச் சற்று உயர்த்தி வைத்து, பார் கவுன்டரில் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். தோலில் நேரடியாக வைக்காதீர்கள். அந்தக் காலில் எடை போட்டு நாலு அடி நடக்க முடியவில்லை என்றால் அன்றிரவே எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.