எந்த ஸ்க்ரூவுக்கு எந்தத் திருப்புளி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் சமையலறையில் பக்கத்துப் பக்கத்து அலமாரிக் கதவுகள் இரண்டும் உரசிக்கொண்டே இருந்தன. கீலில் இருக்கும் ஸ்க்ரூவை லேசாகத் திருப்பினால் தீர்ந்துவிடும் வேலைதான். ஆனால் வீட்டிலிருந்த ஸ்டார் திருப்புளி அந்த ஸ்க்ரூவில் நிற்கவே இல்லை. அழுத்தித் திருப்பினாலும் வழுக்கி மேலே ஏறியது. சரியான முனை கிடைத்த பிறகு இரண்டு விரலிலேயே திரும்பிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஸ்க்ரூ தலையைச் சுத்தம் செய்வது. பள்ளத்தில் பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு, துரு எது இருந்தாலும் ஒரு குண்டூசியால் கிளறி எடுங்கள். அடைத்துக் கிடக்கும் பள்ளத்தில் எவ்வளவு நல்ல திருப்புளியும் அடிவரை இறங்காது.

அடுத்து, தலையின் வடிவம். ஒரே வெட்டு என்றால் பட்டை முனை. முனையின் அகலம் அந்த வெட்டின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். தலையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் சுற்றியுள்ள மரத்தையோ பிளாஸ்டிக்கையோ கீறிவிடும். கனமும் பொருந்த வேண்டும். தண்டில் 1.0 × 5.5 என்று போட்டிருந்தால் முதல் எண் முனையின் கனம், அடுத்தது அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். சுவிட்ச், பிளக் டெர்மினல்களுக்கு 3 அல்லது 3.5 மி.மீ. அகலம் போதும்.

இப்போது ஸ்டார், அதாவது கூட்டல் குறி வடிவப் பள்ளம். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கடையில் ஸ்டார் என்று கேட்டால் பெரும்பாலும் பிலிப்ஸ் முனையைத்தான் கொடுப்பார்கள். அதில் பி.எச். 0, 1, 2, 3 என்று அளவுகள் உண்டு. 3 முதல் 5 மி.மீ. வரை தடிமனுள்ள ஸ்க்ரூக்களுக்குப் பி.எச். 2, வீட்டு வேலையில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும். அதைவிடச் சிறியதற்கு 1, லேப்டாப்புக்கு 0 அல்லது 00. இரண்டாம் எண் ஸ்க்ரூவில் ஒன்றாம் எண் முனையை வைத்தாலும் திரும்புவது போலத்தான் இருக்கும். ஆனால் அது பள்ளத்தின் நடுவில் மட்டும் பிடித்துக்கொண்டு உலோகத்தைச் சுரண்டும். இறுக்கமான ஸ்க்ரூவாக இருந்தால் தலை தேய்ந்துவிடும்.

எங்கள் கீலில் இருந்தது பிலிப்ஸே இல்லை, பொசிட்ரிவ். தலையை உற்றுப் பாருங்கள்: பெரிய கூட்டல் குறிக்கு இடையில் மூலைவாட்டில் நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பொசிட்ரிவ். மாடுலர் கிச்சன் கீல்களிலும் பிரித்து மாட்டும் மரச்சாமான்களிலும் இதை நிறையப் பார்க்கலாம். பிலிப்ஸ் பள்ளத்தின் சுவர் சரிவாக இருப்பதால் அழுத்தம் குறைந்தால் முனை மேலே ஏறிவிடும். பொசிட்ரிவில் சுவர் ஏறக்குறைய நேராக இருக்கும், அதற்குரிய பி.இசட். 2 முனை அடிவரை இறங்கிக் கவ்விக்கொள்ளும். சந்தேகம் வந்தால் முனையைப் பள்ளத்தில் வைத்து, திருப்பாமல் பக்கவாட்டில் மட்டும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அது வேண்டாம், வேறு எடுங்கள்.

கீலில் எந்த ஸ்க்ரூ எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். கதவின் பக்கம் இருக்கும் முன் ஸ்க்ரூ கதவை இடம் வலமாக நகர்த்தும். பின்னால் இருப்பது உள்ளே வெளியே. கால் சுற்று திருப்பி, கதவை மூடிப் பார்த்து, அப்புறம் அடுத்த கால் சுற்று.

கரண்ட் வேலைக்கு டெஸ்டரைத் திருப்புளியாகப் பயன்படுத்தாதீர்கள். அது கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. உள்ளே சின்ன நியான் விளக்கும் ரெசிஸ்டரும் இருக்கின்றன. இறுக்கித் திருப்பினால் முனை முறுக்கிக்கொள்ளும், பிடி விரிசல் விடும். தண்டு முழுக்க உறை போட்டு, இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட்டும் அச்சிட்ட திருப்புளி ஒன்று வாங்குங்கள். அது கையில் இருந்தாலும், மின்சாரப் பெட்டியில் அந்த இணைப்புக்குரிய சுவிட்சான எம்.சி.பி.யை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

வாங்குவதில் என் விருப்பம்: முப்பது முனை போட்ட மலிவான பெட்டியைவிடத் தனித்தனியாக நான்கு நல்லவை. பி.எச். 1, பி.எச். 2, பி.இசட். 2, ஒரு 5.5 மி.மீ. பட்டை. நான் டபாரியா பிராண்டுதான் எடுப்பேன். பிடி தடிமனாக இருக்கட்டும். கைக்குப் பலம் தருவது பிடியின் பருமன்தான், தண்டின் நீளம் இல்லை.

பின்சேர்க்கை: ஹார்ட்வேர் கடையில் பொசிட்ரிவ் திருப்புளி கிடைக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். டிரில் மெஷினுக்கான கால் இஞ்ச் பிட்களில் பி.இசட். 2 கேளுங்கள்; கைப்பிடியுள்ள பிட் ஹோல்டரில் செருகினால் அதுவே திருப்புளி. பழைய ஜப்பானிய பைக் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். அவற்றின் ஸ்க்ரூக்கள் பிலிப்ஸ் மாதிரியே தெரியும், ஆனால் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் செய்தவை. பலவற்றின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் முனை இதில் அடிவரை இறங்காது. கார்புரேட்டரில் கை வைக்கும் முன் ஜே.ஐ.எஸ். முனை ஒன்று வாங்கிவிடுங்கள். எஞ்சின் மூடி ஸ்க்ரூ இறுகிக் கிடந்தால், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரில் அதே முனையை மாட்டிக்கொள்ளுங்கள்.