முதல் சண்டையை அமைப்பது எப்படி? புதிய டன்ஜன் மாஸ்டர்களுக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தை டன்ஜன் மாஸ்டராக முதன்முறை நடத்துபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரே கேள்வியில்தான்: எதிரே எத்தனை பேரை நிறுத்துவது? முதல் நிலையில் உள்ள நான்கு பாத்திரங்களுக்கு ஒரு கோப்ளின் (குட்டிப் பூதம்) சண்டையைக் கட்டிப் பார்ப்போம். கணக்கு முழுக்க ஐந்தாம் பதிப்பின் 2014 விதிப்படி. 2024 திருத்தத்தில் கீழே வரும் பெருக்கல் கிடையாது.

படி 1: வரம்பு
சண்டையின் கடினத்தை எதிரிகளின் எக்ஸ்பியை (வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி) வைத்து அளக்கிறோம். முதல் நிலைப் பாத்திரம் ஒன்றுக்கு எளிது 25, நடுத்தரம் 50, கடினம் 75, உயிராபத்து 100 எக்ஸ்பி. நால்வருக்கு இவை 100, 200, 300, 400 ஆகும்.

படி 2: எதிரிகளின் எண்ணிக்கை
கோப்ளின் ஒன்றுக்கு 50 எக்ஸ்பி. நான்கு என்றால் 200, நடுத்தரம்தானே என்று நிறுத்திவிடாதீர்கள். தலைகள் கூடக் கூட ஒரு சுற்றில் விழும் அடிகளும் கூடும். அதனால் எதிரி இருவர் என்றால் கூட்டுத்தொகையை ஒன்றரையாலும், மூன்று முதல் ஆறு பேர் என்றால் இரண்டாலும் பெருக்க வேண்டும். அந்த 200 இப்போது 400, அதாவது உயிராபத்து! மூன்று கோப்ளின் 300, கடினம். இரண்டு 150, எளிது.

நல்ல வழி இது: இரண்டு பேரோடு தொடங்குங்கள், மூன்றாவது கோப்ளின் இரண்டாம் சுற்றில் வரட்டும். ஆட்டக்காரர்கள் திணறினால் அவனை வரவிடாமலே விட்டுவிடலாம்.

ஒரே ஒரு ஓகர் (பெரிய அரக்கன்) போதுமே என்று தோன்றும். வேண்டாம். அதன் 450 எக்ஸ்பி தனியாகவே உயிராபத்து வரம்பைத் தாண்டுகிறது. அதன் கதாயுத அடியின் சேதம் இரண்டு டி8 (எட்டுமுகப் பகடை) கூட்டல் 4. எட்டு உயிர்ப்புள்ளி உள்ள மந்திரவாதிமேல் 16 விழுந்தால், மிச்ச சேதம் அவருடைய முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகிவிடும். உயிர்பிழைக்கப் பகடை உருட்டும் வாய்ப்புகூட இல்லாமல் அங்கேயே சாவு.

படி 3: களம்
கட்டம் ஒன்று 5 அடி. கோப்ளின்களை 30 அடியில், அதாவது ஆறு கட்டம் தள்ளி வையுங்கள். அவர்கள் வில் 80 அடி வரை தடையின்றிப் பாயும். அவ்வளவு தூரத்தில் வைத்தால் வாள்வீரரின் முதல் முறை ஓடுவதிலேயே தீர்ந்துவிடும். பாறை, மரம் என்று குறைந்தது இரண்டு மறைவிடம் தேவை. கோப்ளினின் பலமே அடித்துவிட்டு ஒளிவதுதான், வெட்டவெளியில் அது பலிக்காது.

படி 4: வரிசை
ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே இனிஷியேட்டிவ் (யார் முறை முதலில் என்று முடிவு செய்யும் பகடை) உருட்டுவது விதிப்படி சரிதான். ஆனால் மூவரும் அடுத்தடுத்து ஒரே பாத்திரத்தை அடித்தால், அவர் தன் முறை வருமுன்பே விழுந்துவிடுவார். தனித்தனியாக உருட்டுங்கள்.

படி 5: முடிவு
கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7, கவச எண் 15. நல்ல வாள்வெட்டு ஒன்றே பெரும்பாலும் போதும். இருவர் விழுந்ததும் மூன்றாமவனை ஓடவிடுங்கள், அவன் சுவடு அடுத்த காட்சிக்கு வழி காட்டும்.

எக்ஸ்பி பங்கிடும்போது பெருக்கிய 300ஐக் கொடுத்துவிடாதீர்கள். பெருக்கல் கடினத்தை அளக்க மட்டுமே. துரத்தப்பட்டவனும் சேர்த்து அசல் 150ஐ நான்கால் வகுத்து, ஆளுக்கு 37 கொடுங்கள். இரண்டாம் நிலைக்கு 300 தேவை.