தரம் 1: தோட்டத்திலிருந்து டவுன் ஸ்கூலுக்குப் படிவம் போடுமுன்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி டீச்சராக இருக்கிறேன். மே, ஜூன் வந்தால் எனக்குப் படிவம் நிரப்புவதே பெரிய வேலை. கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேரே வரும் அம்மாமார், "டீச்சர், பிள்ளையை டவுன் ஸ்கூல்ல போடணும், எழுதித் தாங்க" என்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தரம் 1 அனுமதி விதிகள் இருக்கும் அந்த வருடத்துச் சுற்றுநிருபத்தை எடுங்கள். கல்வி அமைச்சின் இணையத்தளத்தில் வரும், பேப்பரிலும் போடுவார்கள். பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) போன வருடம் நிரப்பியதைப் போட்டோகொப்பி எடுக்காதீர்கள், விதிகள் மாறும். சேர்க்கிற வருடம் ஜனவரி 31இல் பிள்ளைக்கு 5 வயது நிறைந்திருக்க வேண்டும். பல வருடங்களாக இருந்துவரும் பங்கீட்டில் 50 வீதம் பாடசாலைக்கு அருகில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கு. மிச்சம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்றவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். நம்மில் பெரும்பாலோர் அந்தப் பாடசாலையில் படித்தவர்கள் இல்லை. ஆகவே முதலாவது பிரிவுதான் நமக்கு.

அங்கேதான் இடிக்கிறது. அந்தப் பிரிவில் புள்ளி போட்டுத்தான் பிள்ளைகளை எடுப்பார்கள். நீங்கள் கேட்கும் பாடசாலையை விட வீட்டுக்குக் கிட்ட வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகிற வழியில் அப்படி இரண்டு இருக்கின்றன. வீட்டு உறுதிப் பத்திரத்துக்கும் புள்ளி உண்டு, லயக் காம்பராவுக்கு உறுதி ஏது? அதனால் நம் கையில் இருப்பதைச் சரியாக வைத்திருக்க வேண்டும். பெரியது வாக்காளர் இடாப்பு. பிந்திய 5 வருடங்களில் தாய் தகப்பன் இருவர் பெயரும் இந்த விலாசத்தில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் பாருங்கள். கல்யாணமாகி வந்த பிள்ளைகள் பலருக்கு வாக்கு இன்னும் அம்மா வீட்டில்தான் கிடக்கிறது. பிள்ளை பிறந்த வருடமே இதை மாற்றிவிட வேண்டும், படிவம் போடும் வருடத்தில் மாற்றிப் பிரயோசனம் குறைவு. அடையாள அட்டை, பேங்க் புத்தகம் எல்லாவற்றிலும் விலாசம் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு) பெயர், இன்னொன்றில் தோட்டத்தின் பெயர் மட்டும் என்றால் நேர்முகத்தில் கேள்வி வரும்.

சரி, இடம் கிடைக்கிறது என்றே வையுங்கள். அனுப்பத்தான் வேண்டுமா?

என் மூத்த மகளை நான் டவுனுக்கு அனுப்பினேன். விடிய ஐந்தரைக்கு வேன். மழை நாளில் ரோட்டு உடைந்தால் அதுவும் வராது, அன்றைக்கு அவளைக் கூட்டிப்போகும் என் வீட்டுக்காரருக்குப் பாதிப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். வகுப்பு நிறையப் பிள்ளைகள். எழுத்துக் கூட்ட இவள் திணறுவதை மூன்றாம் தவணை வரைக்கும் ஒருவரும் கவனிக்கவில்லை. கல்வி இலவசம்தான், 1945இலிருந்து இலவசம். வேன் காசு இலவசம் இல்லை. சின்னவனைத் தோட்டப் பாடசாலையில், சுவீடன் உதவியில் கட்டிய சீடா கட்டடத்தில், சேர்த்தேன். வகுப்பில் 14 பேர். தரம் 2 முடியுமுன் பேப்பர் வாசித்தான்.

எல்லாத் தோட்டப் பாடசாலையும் இப்படி இருக்கும் என்று சொல்லமாட்டேன். போய்ப் பாருங்கள். காலை எட்டரைக்குப் போய், தரம் 1 டீச்சர் வகுப்பில் நிற்கிறாரா, பயிற்சி பெற்றவரா என்று பாருங்கள். தரம் 3 பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பெயர்ப் பலகையை விட அந்தப் பிள்ளையின் வாசிப்பு உண்மை சொல்லும்.

டிப்ளோமாவில் சிலி நாட்டைப் பற்றிப் படித்தோம். 1981இலிருந்து அங்கே பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகிறதோ அரசாங்கக் காசும் அங்கே போனது, வவுச்சர் முறை என்பார்கள். போட்டி வந்தால் எல்லாப் பாடசாலையும் திருந்தும் என்று நினைத்தார்கள். பல இடங்களில் பாடசாலைகளே பிள்ளைகளைப் பொறுக்கின, மேல்காசும் வாங்கின. ஏழைப் பிள்ளைகள் நகரசபைப் பாடசாலைகளில் மிஞ்சினார்கள். 2015இல் சட்டம் போட்டு இரண்டையும் படிப்படியாக நிறுத்த வேண்டி வந்தது. நமக்கு வவுச்சர் வருவது சப்பாத்துக்குத்தான். ஆனாலும் ஆசிரியர் தொகை பிள்ளைத் தொகையைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. நாம் பத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனால் இங்கே ஒரு டீச்சர் குறைவார், மிஞ்சுவது வேன் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். இதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

என் யோசனை: பக்கத்துப் பாடசாலை ஓரளவு சரியென்றால் தரம் 5 வரை அங்கேயே விடுங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிறகு தரம் 6இல் இன்னொரு கதவு திறக்கும். அப்போது 1ஏபி பாடசாலையைப் பாருங்கள், உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு அங்கேதான் இருக்கும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு பஸ் பயணம் தாங்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் டவுன்தான் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். மேசை கதிரைக்கு என்று ஒரு பாடசாலையில் என்னிடமே காசு கேட்டார்கள். அனுமதிக்குக் காசு வாங்குவது குற்றம், இலஞ்ச ஆணைக்குழுவின் நம்பர் 1954. தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அழுதுகொண்டு வீட்டுக்கு வராதீர்கள். எத்தனை புள்ளி, எதில் குறைந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு, அதில் போட்டிருக்கும் திகதிக்குள் மேன்முறையீட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். எழுத ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கே என்னிடம் வாருங்கள்.