‘மூன்று நிமிடப் படம்’ என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்: விடுமுறை முகாம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். “பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுறோம், அப்புறம் ஒரு பட்டறை, கடைசியில கண்காட்சி. வந்து பாருங்களேன்.” போய்ப் பார்ப்பேன். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஆர்வத்துக்குக் குறைவிருக்காது. நான் தொடக்கத்தில் செய்த கோளாறுகளையே வரிசை மாறாமல் செய்துகொண்டிருப்பார்கள். அங்கேயே சொன்னால் முகம் வாடிவிடும். அதனால் எழுதுகிறேன்.

குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, மாலையில் எந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

படத்தை முழுதாகப் பார்க்காமல் போடுவது

டிரெய்லர் பார்த்தேன், விமர்சனம் படித்தேன், சின்ன வயதில் பார்த்த ஞாபகம் இருக்கிறது. இந்த மூன்றும் போதாது. கடைசிப் பெயர்ப் பட்டியல் வரைக்கும், பெரிய திரையில், நீங்களே உட்கார்ந்து பாருங்கள். சின்ன வயதில் பார்த்த படத்தில் நமக்கு மறந்துபோன காட்சிதான் ஏழு வயதுப் பிள்ளையை அழவைக்கும்.

மின்னும் ஒளியையும் கவனியுங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் சில நொடிகள் படுவேகமாக மாறி மாறி மின்னின. அதைப் பார்த்த 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி, அதுவும் அடர் சிவப்பு, வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. தனக்கு அந்தப் பிரச்சினை இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே அதுவரை தெரியாமல் இருக்கலாம். திரைக்கு நெருக்கமாகவும் கும்மிருட்டிலும் பார்த்தால் பாதிப்பு கூடும். முதல் வரிசையைத் திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது தள்ளிப் போடுங்கள். சுவரோரம் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கும் அது உதவும், நடுவில் எழுந்து போகிற பிள்ளை தடுக்கி விழாமலும் இருக்கும்.

எட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு சப்டைட்டில் வேண்டாம். படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். வசனமே இல்லாத குறும்படங்கள் நிறைய இருக்கின்றன. ஐந்து நிமிடப் படங்களாக ஆறைக் கோத்து, நடுநடுவே பேசவிட்டால், தொண்ணூறு நிமிடப் படத்தைவிட நன்றாகப் போகும்.

“ஓடிடி சந்தா இருக்கிறதே!”

அந்தச் சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கு. டிவிடியும் அப்படித்தான். நுழைவு இலவசம் என்பதால் பொதுத் திரையிடல் தனிப்பட்ட பார்வை ஆகிவிடாது. வகுப்பறைப் பாடத்துக்குச் சில நாடுகளின் சட்டம் விலக்கு தருகிறது. விடுமுறை முகாம் அந்த விலக்குக்குள் அடங்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குறும்படம் எடுத்தவர்களுக்கு நேராக எழுதிக் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகத் தருகிறார்கள், கூடவே நல்ல தரமான கோப்பும் அனுப்புகிறார்கள். காப்புரிமை முடிந்த பழைய ஊமைப்படம் என்றாலும், பின்னால் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கலாம்.

இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டுவது

வேண்டாம். கோப்பு கையில் இருக்க வேண்டும்.

பகலில் புரொஜெக்டர்

முந்தின நாள் இரவு சோதித்துப் பார்த்தேன் என்பார்கள். திரையிடல் காலை பதினொரு மணிக்கு! அதே மணிக்குச் சோதியுங்கள். புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் அதன் சத்தம் இரண்டாம் வரிசையைத் தாண்டாது.

மூன்று நிமிடப் படம் என்று அறிவித்துவிடுவது

இத்தனை காலம் கழித்தும் எரிச்சல் தீராத இடம் இது.

இரண்டு நாள் ஸ்டாப் மோஷன் பட்டறை, அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்து, அவற்றை வேகமாக ஓட்டி அசையவைப்பது. முடிவு நாள் மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சியும் திரையிடலும். நோட்டீஸில் ‘உங்கள் குழந்தைகள் உருவாக்கிய மூன்று நிமிட அனிமேஷன் படம்’ என்று அச்சடித்தாகிவிட்டது. சிறப்பு விருந்தினரையும் அழைத்தாகிவிட்டது. இன்னும் ஒரு பிள்ளைகூடக் களிமண்ணைத் தொடவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கநிலையில், திரையில் நொடிக்கு 12 புகைப்படம் ஓடினால் அசைவு ஓரளவு சரளமாக வரும். மூன்று நிமிடம் என்றால் 180 நொடி, அதாவது 2,160 புகைப்படம். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி, கையை எடுத்து, யார் கையும் திரையில் இல்லை என்று பார்த்து, ஒருமுறை சண்டை போட்டு, பொத்தானை அழுத்த, ஒன்பது வயதுப் பிள்ளைகள் நாலு பேருக்கு அரை நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு இரண்டு புகைப்படம், மணிக்கு 120. ஒரு மணி நேர உழைப்பு திரையில் பத்து நொடி. மூன்று நிமிடத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வேண்டும். கதை பேசி, பொம்மை செய்து, பின்னணி ஒட்டிய பிறகு இரண்டு நாள் முகாமில் படம் எடுக்கக் கிடைப்பது மூன்று மணி நேரம். ஆக, அரை நிமிடப் படம்தான் வரும்.

மீதி இரண்டரை நிமிடத்தை யார் எடுப்பது?

ஒரு முகாமில் அதைக் கிட்ட இருந்து பார்த்தேன். கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு ஒருங்கிணைப்பாளருக்கு வியர்க்கத் தொடங்கியது. தன்னார்வலர் ஒருவர், “நீ நகர்த்து, நான் எடுக்கிறேன்” என்று போனை வாங்கினார். கொஞ்ச நேரத்தில் நகர்த்துவதும் அவர்தான். பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள், யாரும் கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் வேலை நடக்கிறதே என்று எல்லோருக்கும் நிம்மதி. ஒரு சிறுமி ஆமை செய்திருந்தாள், ஐந்து காலோடு. ‘தப்பா இருக்கே’ என்று ஒன்றைப் பிய்த்துவிட்டு எடுத்தார்கள். மாலையில் கைதட்டல் அமர்க்களம். அவள் மட்டும் பக்கத்துப் பையனிடம், “என் ஆமை எப்போ வரும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து போய்விட்டது. ஐந்தாவது கால் எதற்கு என்று அப்புறம் நான் விசாரித்தேன். பிரேக் போட!

அந்த இளைஞர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஐந்து மணிக்கு ஆள் வரப்போகிறது என்றால் யாருக்கும் கை பரபரக்கும். கோளாறு நோட்டீஸில் தொடங்குகிறது. நேரக்கணக்கு போடாமல் வாக்குக் கொடுத்தவர், அதைக் காப்பாற்றப் பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பிடுங்குகிறார். பிள்ளைக்குப் போனது அந்த ஒரு மதியம் மட்டும் இல்லை. தான் செய்வது போதாது, பெரியவர் கை பட்டால்தான் மேடை ஏறும் என்று அது தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறது. கட்டணம் கட்டிய பெற்றோருக்கும் இது ஏமாற்றுதான், சொன்னால் கசக்கும்.

மாற்று கடினமில்லை. நோட்டீஸில் நீளத்தையே போடாதீர்கள். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கித் திரையிட்ட பத்துப் படங்களில் ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. உங்கள் முகாமுக்குப் பத்து நொடி போதும். கதையையும் அதற்குத் தக்கபடி சுருக்குங்கள்: ஒன்று வருகிறது, ஒன்று நடக்கிறது, போய்விடுகிறது. காட்டுக்குப் போய் அரக்கனை வென்று ஊர் திரும்பும் கதையைப் பிள்ளைகள் சொன்னால், அதில் எந்தப் பத்து நொடி அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேளுங்கள். ஒரே பத்து நொடியை நாலைந்து முறை திரும்ப ஓட்டினால் பார்ப்பவர்களும் ரசிப்பார்கள். ஒலியைப் பதிவு செய்ய அலையாதீர்கள், முகாம் கூடத்தில் அமைதி கிடைக்காது. படம் ஓடும்போது பிள்ளைகளே திரைக்குப் பக்கத்தில் நின்று, காகிதம் கசக்கி, மேசையைத் தட்டி, வாயால் ஊதி ஒலி கொடுக்கட்டும். அரைகுறையாக நின்றுபோன படத்தையும் போடுங்கள், எடுத்த பிள்ளை மீதியை எழுந்து சொல்லட்டும். முடிந்தால் கண்காட்சியை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். ஐந்து மணிப் பதற்றம் அடியோடு போய்விடும்.

இந்த வேலையிலேயே நேரத்தைத் தின்னும் இன்னொன்று உண்டு: போனை அதன் போக்கில் விடுவது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ் (கூர்மை), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) மூன்றையும் போன் தானாக மாற்றாதபடி பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றாலே படம் இருண்டு, பிறகு வெளிச்சமாகி, ஓட்டிப் பார்க்கும்போது கண்ணைக் கூசும். சன்னலை மூடி, மேசை விளக்கு இரண்டு வையுங்கள். மேகத்தோடு போட்டி போட முடியாது. ஃபிளைட் மோடில் போடுங்கள். டிரைபாடின் காலையும் மேசையின் காலையும் டேப் வைத்துத் தரையோடு ஒட்டுங்கள். போனைத் தொடாமல் படம் எடுக்கச் சின்ன ரிமோட் கிடைக்கும். கம்பி இயர்போனின் வால்யூம் பொத்தானும் பல போன்களில் அந்த வேலையைச் செய்கிறது.

செய்து முடித்த மாதிரியை முதலிலேயே காட்டுவது

காட்டினால் முப்பது நகல் வரும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பல வேலைகள் செய்யும் புதுப் பொம்மை ஒன்றைச் சிறு குழந்தைகளிடம் கொடுத்தார்கள். சிலருக்கு அதன் ஒரு வேலையை மட்டும் பெரியவர் ‘இப்படித்தான்’ என்று செய்துகாட்டினார். அவர்கள் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். அப்படிக் காட்டப்படாதவர்கள் பொம்மையைத் துழாவி மற்ற வேலைகளையும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். கத்தரிக்கோலைப் பிடிப்பது, பசை தடவுவது மாதிரியான கைவேலையைக் காட்டித்தான் ஆகவேண்டும். முடிந்த பொருளைக் காட்ட வேண்டியதில்லை.

காலையில் படம், மதியம் ஓவியம் என்று வைப்பதிலும் இதே வில்லங்கம். கதாநாயகன்தான் முப்பது தாளிலும் வருவான். வரிசையை மாற்றி, வரைந்த பிறகு படம் போடுங்கள்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு

கூடாது. 1973இல் வந்த ஆய்வொன்றில், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள், சில நாள் கழித்து விளையாட்டு நேரத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். அவர்கள் வரைய ஆசைப்பட்ட பிள்ளைகள் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

கண்காட்சியைப் பெரியவர் உயரத்தில் மாட்டுவது

அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். ஆறு வயதுப் பிள்ளையின் மொத்த உயரமே 115 செ.மீ. அளவுதான். ஒரு மீட்டரில் மாட்டுங்கள், பெரியவர்கள் குனியட்டும்.

‘நல்லவற்றை’ மட்டும் தேர்ந்தெடுத்து மாட்டுவது

எல்லோருடையதும், இல்லையென்றால் யாருடையதும் வேண்டாம்.

விளக்கச் சீட்டைப் பெரியவர் எழுதுவது

‘இயற்கையைப் பாதுகாப்போம் என்னும் கருத்தை இவ்வோவியம் வலியுறுத்துகிறது’ என்று எந்த ஏழு வயதுப் பிள்ளையும் சொல்லாது. என்ன வரைந்திருக்கிறாய் என்று கேளுங்கள், சொல்வதை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். சீட்டில் பெயரும் வயதும் போதும். பள்ளி, வகுப்பு, வீட்டு விவரம் எதுவும் சுவரில் ஏறக்கூடாது. முகாமில் எடுத்த படங்களையும் காணொளிகளையும் பொதுவில் போடுவதற்குப் பெற்றோரின் அனுமதியைச் சேர்க்கையின்போதே எழுதி வாங்குங்கள். கடைசி நாள் வாசலில் நின்று கேட்டால் யோசிக்காமல் தலையாட்டிவிடுவார்கள். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். அது வேண்டாம் என்றால் அப்பா கையெழுத்து இருந்தாலும் போடாதீர்கள்.