ஆய்வுக் கப்பல் வலையை அறுத்தால்

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைக் கடலில் வழிவலை (நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை) விட்டிருக்கும்போது எண்ணெய் ஆய்வுக் கப்பல் தென்பட்டால், அதன் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் இழுபடும் என்பதை மறக்காதீர்கள். கேபிளோடு போகும் கப்பலால் சட்டென்று திரும்பவோ நிற்கவோ முடியாது. முன்கூட்டியே விஎச்எப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் கப்பலைக் கூப்பிடுங்கள்.

வலை அறுந்துவிட்டால் அங்கேயே ஜிபிஎஸ் புள்ளியையும் நேரத்தையும் குறியுங்கள். கப்பலின் பெயர், 7 இலக்க ஐஎம்ஓ எண் (கப்பலின் அடையாள எண்) இரண்டையும் படமெடுங்கள். பெயர் தெரியாத கப்பல்மேல் கொடுக்கும் புகார் காகிதமாகவே கிடக்கும். அறுந்த முனையைச் சீராக்கிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. எத்தனை துண்டு போனது, கண்ணி அளவு, வாங்கிய ரசீது எல்லாம் சேர்த்து மீன்வளத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்மொழிப் புகார் வேண்டாம்.