தொட்டிக் கறிவேப்பிலை வெளுத்தபோது

மொட்டை மாடித் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலை கோடையில் வெளுக்க ஆரம்பித்தது. கொழுந்து இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். அடியிலைகளில் ஒரு குறையும் இல்லை. அடியிலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு எனலாம். கொழுந்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரும்புச்சத்துதான். எங்களுக்கு போர் தண்ணீர், வாளியில் வெள்ளையாக உப்புப் படியும். இப்படிக் காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

எல்லோரும் சொல்லும் புளித்த மோர் நல்லதுதான், ஆனால் மெதுவாக வேலை செய்யும். எறும்பு வேறு வந்துவிடும். அதனால் இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 3 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளித்தேன். உப்புப் பூத்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து மண்புழு உரம் போட்டேன். மழைநீர் கிடைத்தபோது அதையே ஊற்றினேன். அடுத்து வந்த கொழுந்துகள் பச்சையாகவே விரிந்தன.

அப்புறம், ரசத்துக்கு இலை இலையாக உருவாமல் நுனிக் கொத்தாகவே கிள்ளுகிறேன். பக்கக் கிளை வெடிக்கிறது. எலுமிச்சைக் குடும்பம் என்பதால் பறவை எச்சம் போன்ற பட்டாம்பூச்சிப் புழுக்கள் வரும். கையால் எடுத்தால் போதும், மருந்து வேண்டாம்.