சனியின் நிலாவில் நிகழ்ந்த சரிவை அடிமட்டத்தால் அளப்பது எப்படி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. மண்சரிவு என்றதும் 2014 ஒக்ரோபரில் மலையகத் தோட்டமான மீரியபெத்தையில் நிகழ்ந்ததைப் போல, மழையில் ஊறிய மண் லயன் வீடுகளை மூடுவதுதான் நமக்கு நினைவுக்கு வரும். சனிக் கோளின் உபகோளான இயாபெட்டஸில் மழையும் இல்லை, மண்ணும் இல்லை. ஆயினும் அங்கே பெரும் பள்ளங்களின் சுவர்கள் இடிந்து பல கிலோமீற்றர் தூரம் பாய்ந்திருக்கின்றன. கசினி விண்கலம் 2004 இறுதியிலும் 2007 செப்டெம்பரிலும் எடுத்த படங்களை நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதால், அச்சிட்ட ஒரு படமும் அடிமட்டமும் தாஞ்சன் அட்டவணையும் இருந்தால் அந்தச் சரிவை வீட்டு மேசையிலேயே அளந்துவிடலாம்.

படத்தைத் தொடுவதற்கு முன் முற்றத்தில் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வாளி உலர்ந்த மணலை ஒரே இடத்தில் மெதுவாகக் கொட்டிக் கும்பியாக்கி, அதன் உயரத்தை அடியின் ஆரையால் வகுத்தால் ஏறத்தாழ 0.6 வரும், மணற்காட்டு மணற்குன்றுகளில் மணல் வழுக்கி இறங்கும் பக்கத்தின் சாய்வும் இதற்கு அண்மித்ததே. கடுங்குளிரில் பனிக்கட்டி பாறையைப் போல் இறுகிவிடுவதால், அதன் உராய்வுக் குணகமும் 0.6 அளவிலேயே இருக்கிறது. இயாபெட்டஸின் ஈர்ப்பு பூமியினதில் சுமார் நாற்பத்து நான்கில் ஒரு பங்குதான். 20 மீற்றர் உயரப் பனையிலிருந்து இங்கே இரண்டு செக்கனில் விழும் பழம் அங்கே விழப் பதின்மூன்று செக்கன் எடுக்கும். ஆனால் ஈர்ப்புக் குறையும்போது இழுக்கும் விசையும் உராய்வும் ஒன்றாகவே குறைவதால், இந்த 0.6 மாறவேண்டிய காரணமில்லை. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் முதலில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பாருங்கள். பள்ளம் மேடாகத் தெரிந்தால் தாளைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். இயாபெட்டஸின் ஒரு பாதி கரியைப் போல் கறுத்திருப்பதால், கறுப்பையெல்லாம் நிழல் என்று எண்ணக்கூடாது. பிறகு பள்ளத்தின் விளிம்பில் கடித்தெடுத்ததைப் போன்ற வளைந்த வெட்டையும், அதன் நேர் கீழே நாக்கைப் போல் பரவி ஓரம் தடித்திருக்கும் குவியலையும் தேடுங்கள். மோதலில் சிதறிய பொருள் பள்ளத்தைச் சுற்றிப் பரவும். சரிவு ஒரு பக்கமாகவே ஓடும்.

உயரத்தை நிழல் சொல்லும். ஓர் எடுத்துக்காட்டாக, படத்தில் 1 மில்லிமீற்றர் 500 மீற்றரைக் குறிக்க, சுவரின் நிழல் 12 மில்லிமீற்றர் நீண்டிருந்தால் அது 6 கிலோமீற்றர். சூரியன் அடிவானிலிருந்து 20 பாகை உயரத்தில் இருந்தால், 6 ஐ 20 பாகையின் தாஞ்சனான 0.364 ஆல் பெருக்கச் சுவரின் உயரம் சுமார் 2.2 கிலோமீற்றர் ஆகிறது. நான் முதன்முறை செய்தபோது படத்தோடு வரும் தரவிலிருந்த படுகோணம் (வெயில் தரையில் விழும் கோணம்) 70 பாகையைச் சூரியனின் உயரம் என்று எடுத்து, 16 கிலோமீற்றர் சுவரொன்றைக் கண்டுபிடித்தேன். மத்திய கோட்டின் வழியே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உயர்ந்த மலைத்தொடர் உள்ள நிலாவல்லவா, அது பிழையென்று சந்தேகிக்கவே தோன்றவில்லை. படுகோணம் செங்குத்திலிருந்து அளக்கப்படுவதால் அதை 90 இலிருந்து கழித்தே பயன்படுத்தவேண்டும். நிழலின் நுனி சமதரையில் விழுந்திருக்கவும் வேண்டும். சாய்வில் விழுந்த நிழலை விட்டுவிடுவதே நல்லது.

இனி வெட்டின் மேல் விளிம்பிலிருந்து குவியலின் கடைசி ஓரம் வரை கிடையாக அளந்து, உயரத்தை அந்தத் தூரத்தால் வகுக்கவேண்டும். தூரம் 11 கிலோமீற்றர் என்றால் விடை 0.2, முற்றத்து மணலின் மூன்றில் ஒரு பங்கு; அதாவது சரிவு ஓடும்போது உராய்வு அவ்வளவு குறைந்திருக்கிறது. கோள் ஆய்வாளர் கெல்சி சிங்கரும் அவருடைய குழுவினரும் 2012 இல் இயாபெட்டஸின் 30 சரிவுகளை ஆராய்ந்தபோது கிடைத்த விகிதங்களும் 0.1 முதல் 0.3 வரையிலேயே இருந்தன. விரைந்து உரசும் பனித்துணுக்குகள் தொடும் புள்ளிகளில் கணநேரம் சூடேறி வழுக்கலாகின்றன என்பது அவர்கள் தந்த விளக்கம். திரவ நீரே இல்லாத இடத்தில் எனக்கு அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. உங்கள் விடை 0.6 ஐத் தாண்டினால், இந்த விளக்கத்தைச் சந்தேகிப்பதற்கு முன் படுகோணத்தைக் கழித்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.